அந்த வரைபடத்தில் ஜீப் எங்கே?

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் செட்டிநாட்டிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தாவாகப் பிழைக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் கட்டுச் சுமக்காத நீதிமன்றம் கிடையாது. விபத்து வழக்கு என்றால் காகிதங்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தைப் போலீஸ் வரையும் மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. இவற்றை வரிசையாக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, டேக் கோத்துக் கட்டுவது என் வேலை. கட்டும்போதே படித்துவிடுவேன். படிக்காமல் கட்டுகிற குமாஸ்தாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

விபத்து எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றிலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. எந்த ஸ்டேஷனில் எழுதினாலும், எந்த ஏட்டு எழுதினாலும் இந்த வரி வந்துவிடும். தள்ளிக்கொண்டு போன மொபெட் இடித்தால்கூட அதிவேகம்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சட்டப் பிரிவு கேட்கிற சொற்கள் அவை. அவை இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. எந்த ஒரு வாகனத்தைப் பற்றி மட்டும் அந்த வரி எழுதப்படுவதே இல்லையோ, அந்த வாகனத்தை, துரத்திப் போகும் போலீஸ் ஜீப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலை, அலுவலகம் கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் ஒருவர் மஞ்சள் பையோடு படியில் வந்து உட்கார்ந்தார். கொத்தனார். பழைய செட்டியார் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களைப் பார்த்துச் சரிசெய்பவர். முட்டைப் பூச்சு பூசி, கையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குச் சுவரைக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இப்போது இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை. அவர் அதில் ஒருவர். விரல் நுனிகள் சுண்ணாம்பில் வெந்து வழவழப்பாக இருந்தன. பையிலிருந்து நான்காக மடித்த எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வயது மகன் பைக்கிலிருந்து விழுந்து இறந்துபோனான் என்றார். பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் கேட்டார்: “அண்ணே, இதில் என் மகனை எதிரி என்று போட்டிருக்கிறார்களே, அவன் யாருக்கு எதிரி?”

குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றக் காகிதங்களில் எதிரி என்றுதான் எழுதுவோம். எத்தனையோ ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அந்தச் சொல்லுக்கு வெளியுலகில் வேறு பொருள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. “அது சட்டத்துச் சொல்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

எஃப்.ஐ.ஆரில் இருந்தது இதுதான். இரவு 10.40 மணிக்கு வாகனச் சோதனை. ஹெல்மெட் இல்லாமல் வந்த பையன், நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்றிருக்கிறான். கண்மாய்க்கரை வளைவில் நிலைதடுமாறி மடைச் சுவரில் மோதி விழுந்திருக்கிறான். அவ்வழியே ரோந்து சென்ற காவலர்கள் பார்த்து 108-க்குச் சொல்லியிருக்கிறார்கள். புகார்தாரர், சோதனையில் நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர். சாட்சிகள், அவரோடு நின்ற காவலர்கள் இருவர். எதிரி, இறந்த பையன். எதிரி இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று சில வாரங்களில் வழக்கும் முடிந்தது.

எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு ஸ்டேஷனை மாட்டிவிடுவதற்காக இதை நான் எழுதவில்லை.

நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு இருந்த 108 சீட்டில் அழைப்பு வந்த நேரம் 10.46 என்று இருந்தது. சோதனை நடந்த முக்கிலிருந்து அந்த மடைக்கு ஆறு கிலோமீட்டர். 10.40-க்கு முக்கில் நின்ற அதே காவலர்கள் 10.46-க்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி ‘ரோந்து’ போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். கண்மாய்க்கரைச் சாலை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு பக்கம் தண்ணீர் அல்லது சகதி, மறு பக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல். கரை எப்படி வளைகிறதோ அப்படியே சாலையும் வளையும். இருட்டில் உள்ளூர்க்காரர்களே இரண்டாம் கியரில் போகிற இடம். அங்கே நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் எவரும் ரோந்து போவதில்லை. துரத்தித்தான் போயிருக்க வேண்டும்.

மாதிரி வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மேற்கே புளியமரம், கிழக்கே கலுங்கு, நடுவில் மடைச் சுவர், பைக் கிடந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி, திசை காட்ட ஓர் அம்பு. ஜீப் இல்லை. பார்வை மகஜரில் கண்ணாடிச் சில்லு இருக்கிறது, இரத்தக் கறை இருக்கிறது, ஒற்றைச் செருப்பு இருக்கிறது. ஜீப் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் பைக்கைப் பார்வையிட்டு, இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து நேர்ந்ததாகத் தெரியவில்லை என்று வழக்கம்போல் எழுதியிருந்தார். அதே பைக்கைப் பிறகு ஸ்டேஷன் கொல்லையில் நானும் பார்த்தேன். வேலிப்பருத்திக் கொடி அதற்குள் சக்கரக் கம்பிகளில் ஏறிவிட்டிருந்தது. முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. மடைச் சுவரில் மோதினால் அப்படித்தான் ஆகும். பின்பக்க நம்பர் தகடு ஏன் உள்நோக்கி மடிந்திருந்தது? ஜீப்பின் முன்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்த ஆய்வாளர் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பார். ஜீப்பை அவரிடம் யாரும் காட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் ஊர்களுக்கே உரிய சங்கதி. இங்கே பெரிய வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. உடைமைக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வருவார்கள். தேக்குக் கதவும் பர்மாத் தூணும் பெயர்ந்து போகாமல் இருக்க முகப்பில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஆளில்லாத தெரு, ஆனால் வாசலுக்கு வாசல் கண் விழித்திருக்கும். அந்த இரவு பைக் போன தெருவிலும் அப்படி ஒரு வீடு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கொத்தனாரிடம், “கேமராவில் எல்லாம் இருக்கும் தம்பி, செட்டியாரிடம் கேட்டுப் பார்” என்று சொல்லியிருக்கிறார். செட்டியாரும் நல்ல மனிதர். ஃபோனில் கேட்டதும் தேடிப் பார்த்தார். இருபது நாளுக்கு ஒருமுறை பழைய பதிவு அழிந்து புதியது ஏறும் வகைக் கருவி அது. கொத்தனார் கேட்டது நாற்பத்தோராம் நாள். முப்பதாம் நாள் காரியம் முடித்து, மொட்டை முடி கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் அவரால் நாலு பேரிடம் போய்க் கேட்க முடிந்திருக்கிறது. புலன்விசாரணை அதிகாரி மூன்றாம் நாளே அந்த வாசலில் நின்றிருக்கலாம்.

அவர் என்னிடம் வந்தது நஷ்டஈட்டுக்காக. அதிலும் எஃப்.ஐ.ஆரின் அதே வரிகள் குறுக்கே நின்றன. தன் தவற்றால் தானே விழுந்தவருக்கு விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்க எதிர் வாகனம் இல்லை. எதிர் வாகனம் இருந்ததாக ஒரு காகிதமும் சொல்லவில்லை. பைக் சித்தப்பா பெயரில் இருந்ததால் உரிமையாளர் காப்பீடும் கிடையாது. ஆக, ஒரு ஜீப்பை வரையாமல் விட்டதில் குற்ற வழக்கு, நஷ்டஈடு இரண்டும் ஒரே நாளில் போயின.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வக்கீல் இல்லைதான், ஆனால் முப்பத்தொரு ஆண்டு வக்கீல்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன்.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ. அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை. சாகக்கூடும் என்று தெரிந்தே ஒன்றைச் செய்தால் முன்பு 304-இன் இரண்டாம் பகுதி, இப்போது 105. பத்து ஆண்டு வரை. இந்தப் பிரிவுகள் எதிலும் ‘காவலர் நீங்கலாக’ என்ற சொல் இல்லை. தப்பி ஓடுகிறவரைப் பிடிக்கத் தேவையான வழிகளைக் கையாளலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு போலீஸுக்கு இடம் தருகிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இது தரவில்லை என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. அந்தப் பையன் மீது இருந்த குற்றச்சாட்டு ஹெல்மெட். அன்றைக்கு அதற்கு அபராதம் நூறு ரூபாய். 2022 அக்டோபரிலிருந்து ஆயிரம்.

போலீஸ் தரப்பில் வாதாட இடமில்லாமல் இல்லை. அறுபதுகளிலேயே குர்பான் உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு பேர் இறந்த வழக்கு. மரணத்துக்கு உடனடியான, நேரடியான காரணமாக அந்த ஆளின் செயல் இருக்க வேண்டும். அந்தச் செயல் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்பது மட்டும் 304-ஏ-க்குப் போதாது. இடையில் இன்னொருவரின் கவனக்குறைவு புகுந்திருந்தாலும் போதாது என்றது நீதிமன்றம். துரத்தல் வழக்குகளில் இந்தக் கோட்டின் பின்னால்தான் எல்லாரும் நிற்கிறார்கள். துரத்தியது உண்மை, ஆனால் வளைவில் வேகத்தைக் குறைக்காதது அவன்தானே என்பார்கள்.

நியாயமான கேள்விதான். சில வழக்குகளில் அதற்குப் பதில் போலீஸுக்குச் சாதகமாகவே இருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது மீட்டர் பின்னால், விளக்குச் சுழல, கட்டுப்பாட்டோடு ஒரு ஜீப் வருகிறது. முன்னே போகிறவன் குடிபோதையில் பாலத்தில் மோதுகிறான் என்றால் ஓட்டுநர் காவலரைச் சிறையில் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜீப் ஒரு கை தூரத்தில் வந்ததா, இடித்ததா, லத்தி வீசப்பட்டதா, வண்டி உதைக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரிந்த பிறகல்லவா நேரடிக் காரணம் எது என்று முடிவு செய்ய முடியும்? துரத்தல் நடந்ததையே எழுதாமல் விட்டால் அந்தக் கேள்வி நீதிபதியின் மேசைவரை போவதே இல்லை. சோதனையில் நின்ற சிறப்பு உதவி ஆய்வாளரே கேள்வியையும் கேட்டு, பதிலையும் எழுதி, கையெழுத்தும் போட்டு முடித்துவிடுகிறார்.

கண்ணுக்கு முன்னால் நடந்தால் கதை வேறாகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2018 மார்ச் 7, திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போன கணவன் மனைவியைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்து இறந்தார். அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். 304-இன் இரண்டாம் பகுதியில் வழக்குப் பதிவானது. ஓடுகிற பைக்கை உதைத்தால் ஆள் சாகக்கூடும் என்பது யாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். மும்பையில் குடித்துவிட்டு நடைபாதையில் காரை ஏற்றி ஏழு பேரைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கிலும் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதே தெரிதலைத்தான் அளவுகோலாக வைத்தது. வாகனத்தால் நேர்ந்த சாவு என்றால் 304-ஏ மட்டும்தான் என்ற பழைய பழக்கம் அங்கே உடைந்தது. துவாக்குடியில் கூட்டம் இருந்தது. கண்மாய்க்கரையில் இரவு பத்தே முக்காலுக்குத் தவளைதான் இருந்தது.

வெளிநாடுகளிலும் இது தீர்ந்துபோன விவகாரம் இல்லை. 2020 அக்டோபரில் வாஷிங்டனில் ஹெல்மெட் இல்லாமல் நடைபாதையில் ஸ்கூட்டர் ஓட்டிய இருபது வயது இளைஞரைப் போலீஸ் கார் துரத்த, சந்திலிருந்து வெளியே வந்தவர் மீது வேறொரு வாகனம் மோதி அவர் இறந்தார். இடித்தது போலீஸ் கார் இல்லை. ஆனாலும் 2022 டிசம்பரில் ஜூரி அந்தக் காவலரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்றது. 2024-இல் ஐந்தரை ஆண்டுத் தண்டனை. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். கொலைக் குற்றம் என்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அதிபரின் மன்னிப்பு அதைவிட அதிகமாகப் பட்டது. மேலதிகாரி ஒருவரும் அதே வழக்கில் நடந்ததை மறைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்துச் செய்தி இன்னும் நெருக்கமானது. 2023 மே 22 அன்று பதினாறும் பதினைந்தும் வயதான இரண்டு பையன்கள் மின்சார பைக்கில் இருந்து விழுந்து இறந்தார்கள். போலீஸ் துரத்தவில்லை என்று பொறுப்பில் இருந்தவரே முதலில் சொன்னார். பிறகு ஒரு கேமராப் பதிவு வெளியே வந்தது. விபத்துக்குச் சற்று முன்பு போலீஸ் வேன் அவர்கள் பின்னாலேயே போவது அதில் இருந்தது. அங்கே கேமராப் பதிவு அழிவதற்குள் கிடைத்துவிட்டது. அந்த நாட்டில் போலீஸோடு தொடர்புடைய சாவு என்றால் காவல்துறையைச் சேராத தனி அமைப்புக்கு விவரத்தை அனுப்பியே ஆக வேண்டும். 2022-இல் வந்த சட்டம் இன்னொன்றும் செய்தது: போலீஸ் ஓட்டுநரைச் சாதாரண ஓட்டுநரோடு ஒப்பிடாமல், அதே பயிற்சி பெற்ற கவனமான போலீஸ் ஓட்டுநர் என்ன செய்திருப்பார் என்று பார்க்கச் சொன்னது. இது போலீஸுக்குப் பாதுகாப்பு. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பயிற்சியும் விதியும் எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியும்.

என்னோடு கோர்ட் வாசலில் டீ குடிக்கும் ஏட்டையா ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். “விட்டால் ஏன் விட்டாய் என்கிறீர்கள், பிடித்தால் ஏன் பிடித்தாய் என்கிறீர்கள். ஆச்சி கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடினால் நாங்கள் நம்பர் எழுதிக்கொண்டு நிற்கவா?” என்றார். வேண்டாம். துரத்துங்கள். அந்தப் பைக்கில் நம்பரும் போலியாக இருக்கும். 2021 நவம்பரில் நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் ஆடு திருடர்களை நள்ளிரவில் தனி ஆளாகத் துரத்திக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம்வரை போய் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பார் அசோசியேஷனில் பேச்சே எழவில்லை. எப்போது துரத்துவது, தனியாகத் துரத்தலாமா, எப்போது நிறுத்துவது என்று ஒரு விதி இருந்து, வயர்லெஸ் மைக்கில் மறுமுனையிலிருந்து ஒருவர் “போதும், நில்” என்று சொல்லக் கடமைப்பட்டிருந்தால் அந்த உதவி ஆய்வாளரும் உயிரோடு இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஏட்டையாவே இரண்டாவது டீயில் இன்னொன்றும் சொன்னார். மாலையானால் மைக்கில் இன்று எத்தனை கேஸ் என்றுதான் கேட்கிறார்களாம். எத்தனை பேர் பத்திரமாக வீடு போனார்கள் என்று யாரும் கேட்பதில்லையாம்.

ஹெல்மெட்டுக்கும் லைசென்ஸுக்கும் துரத்த வேண்டிய தேவையே சட்டத்தில் இல்லை. வண்டி எண் கிடைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுப்படி, அன்று ஓட்டியது யார் என்று சொல்ல உரிமையாளர் கடமைப்பட்டவர். அபராதச் சீட்டு ஃபோனுக்கே வந்துவிடுகிற காலம் இது. 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஹெல்மெட் போடாதவரை நடுரோட்டில் பாய்ந்து மறிக்காதீர்கள், துரத்தாதீர்கள், கேமராவைப் பயன்படுத்துங்கள். அதே மாதம் கொல்லம் மாவட்டத்தில் நிற்காமல் போன ஒரு பையன் மீது லத்தி வீசப்பட்டு அவன் எதிரே வந்த காரில் மோதினான். லத்தி வீசியவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தக் காரில் இருந்தவர்கள் யாத்திரீகர்கள்.

யாத்திரை என்றதும் எங்கள் தை மாதம் நினைவுக்கு வருகிறது. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடி போகும். பின்னாலேயே ஊர் ஊராக ஜனம் நடக்கும். விடியற்காலை இருட்டில், சாலையோரத்தில், வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பேர். அதே மாதத்தில்தான் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்த் திரும்பும் இளவட்டங்கள் பைக்கில் பறப்பார்கள். அந்தச் சாலையில் ஒரு துரத்தல் நடந்து ஒரு பாதயாத்திரிகர் அடிபட்டால்? ஓடியவன் மீது 106 போடுங்கள், கூட்டம் தெரிந்தும் உள்ளே விட்டான் என்றால் 105 போடுங்கள். நானே கட்டுத் தூக்கி வருகிறேன். ஆனால் கூட்டம் இருப்பது துரத்தியவருக்கும் தெரியும் அல்லவா? ஒரு சாவுக்கு இருவர் பொறுப்பாளிகளாக இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நாம்தான் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உங்கள் இருவரிடமும் நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் இல்லை. சுற்றறிக்கையிலும் அரசாணையிலும் முடிகிற காரியம். எந்தக் குற்றத்துக்குத் துரத்தலாம், எதற்குக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். துரத்தலில் யார் இறந்தாலும், ஓடியவரோ வழியில் நின்றவரோ காவலரோ, ‘துரத்தலின்போது’ என்ற சொல் எஃப்.ஐ.ஆரில் இருக்கட்டும், வரைபடத்தில் போலீஸ் வாகனமும் இருக்கட்டும், மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டிகளையும் பார்க்கட்டும். மைக் பதிவு, ஜீப்பின் லாக் புத்தகம், ஜி.பி.எஸ்., வழியில் உள்ள கேமராக்கள் இவற்றை இரண்டு நாளுக்குள் கைப்பற்றியாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். வழக்கை வேறு மாவட்டத்து அதிகாரியிடம் கொடுங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. திருமயம் தாண்டிச் சில மைல் வந்தால் மாவட்டமும் மாறிவிடும், அதிகாரியும் மாறிவிடுவார். எங்களுக்கு இது சிரமமே இல்லை.

காவலில் ஒருவர் இறந்தால் அதே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவுப்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். 2025 ஜூனில் எங்கள் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்தபோது உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க வைத்தது, காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐ-க்குப் போனது. ஸ்டேஷனுக்குள் சாவு என்றால் இத்தனை கதவு திறக்கிறது. ஸ்டேஷன் ஜீப்புக்கு முன்னால் சாவு என்றால் ‘நிலைதடுமாறி’ என்ற ஒரு சொல்லில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்கிறது. ஜீப் விளக்கின் வெளிச்சத்துக்குள் ஓடுகிறவனை முழுச் சுதந்திர மனிதன் என்று எப்படிச் சொல்வது? துரத்தல் சாவுகளுக்கும் நடுவர் விசாரணை வேண்டும்.

உள்துறைச் செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போலீஸ் மீது புகார் சொல்ல மாநிலத்தில் ஓர் ஆணையம் இருக்கிறது என்று கொத்தனாரிடம் சொன்னேன். தலைவர் யார் என்று கேட்டார். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ உங்களையே தலைவராக்கியது, மாவட்டத்தில் கலெக்டர். “போலீஸ் துறை யாரிடம் இருக்கிறதோ அவரிடமேவா?” என்று கேட்டுவிட்டு அவர் மனு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தனியார் புகாராக நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அரசுப் பணியின்போது நடந்தது என்றால் முன் அனுமதி, அதற்குக் காத்திருப்பு, இடையில் வேலைக்குப் போகாத நாட்கள். அனுமதிக் கோரிக்கையில் 120 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 218-ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. அவர் வந்த காலத்தில் அது இல்லை.

அவர் கடைசியாக வந்தபோது நாள்காட்டித் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்திருந்தார். கொத்தனார் அல்லவா, டேப் பிடித்து அளந்திருக்கிறார். மடைச் சுவரின் நீளம் பதினொன்றே காலடி. புளியமரத்திலிருந்து வளைவின் தொடக்கம் தொண்ணூற்றாறு அடி. இரண்டு சக்கரத் தடம் ஒன்று. அதற்குப் பின்னால், மண்ணில் அழுத்தமாகப் பதிந்து சட்டென்று நின்ற நாலு சக்கரத் தடம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி ஏழடி. மறுநாள் காலை ஊர்க்காரர்கள் பார்த்ததைக் கேட்டு, மழை பெய்வதற்கு முன் அளந்ததாகச் சொன்னார். நாலு சக்கரத் தடம் முடியும் இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘ஜீப்’ என்று எழுதியிருக்கிறார்.

தாள் என் மேசையில்தான் இருக்கிறது. கேட்டு எழுதினால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செட்டிநாட்டிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா